ஐ.பி. போட்டாரா, இல்லையா? நீலகிரியில் திவால் வழக்கு ஆவணங்களைத் தேடி எடுக்கும் வழி

நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் பச்சைத் தேயிலை போய்க்கொண்டிருந்த ஃபேக்டரி ஒரு திங்கட்கிழமை திறக்கவில்லை. இலை வண்டிக்காரர் மூட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்து ரோட்டோரம் இறக்கிவிட்டு, "ஓனர் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாராம்" என்றார். கோர்ட்டில் ஐ.பி., அதாவது திவால் மனு, போட்டுவிட்டார் என்று அர்த்தம். பதினோரு மணிக்குள் கோத்தகிரி டீக்கடைகளில் அது உறுதியான செய்தியாகிவிட்டது. எங்களுக்கு மூன்று மாத இலைப் பணம் பாக்கி. ஹட்டியில், அதாவது எங்கள் மலைக் கிராமத்தில், பாதிப் பேர் 'இனி ஒன்றும் தேறாது' என்று கையை உதறிவிட்டார்கள். ஆனால் அந்த மஞ்சக் கடுதாசியை ஒருவர்கூடக் கண்ணால் பார்த்திருக்கவில்லை.

அதைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவைதான் இங்கே இருப்பவை. அப்புறம் சீட்டுப் பணம் ஏமாந்தவர்கள், நிலம் வாங்கப் போகிறவர்கள் என்று சிலருக்குத் தேடிக் கொடுத்ததில் இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. நான் வக்கீல் இல்லை. மனு எழுதவும் வாதாடவும் வக்கீல் வேண்டும். அவரிடம் போவதற்கு முன் எந்த ஊரில், எந்தக் கோர்ட்டில், என்ன நம்பரில் வழக்கு இருக்கிறது என்று நாமே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஆள் யார் என்று பாருங்கள்

நம் நாட்டில் திவால் வழக்குகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இல்லை. தனி ஆளோ, பார்ட்னர்ஷிப் நிறுவனமோ நொடித்துப்போனால் 1920-ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டத்தின்படி உள்ளூர் சப் கோர்ட்டில் (சார்பு நீதிமன்றத்தில்) மனு. கம்பெனியோ எல்.எல்.பி.யோ (பொறுப்புக்கு வரம்பு வைத்த பார்ட்னர்ஷிப்) என்றால் 2016-ஆம் வருடத்து திவால் சட்டத்தின்படி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்; என்.சி.எல்.டி. என்பார்கள், நமக்கு அது சென்னையில். கூட்டுறவு தேயிலை ஃபேக்டரி இரண்டிலும் வராது. கூட்டுறவுச் சட்டத்தின்படி பதிவாளர் ஒரு கலைப்பாளரை நியமிப்பார். காகிதமெல்லாம் அவரிடம்தான் இருக்கும்.

நான் வழுக்கியது இங்கேதான். ஃபேக்டரி போர்டில் பேருக்குப் பின்னால் 'டீ இண்டஸ்ட்ரீஸ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கம்பெனி என்று நானே முடிவு கட்டி, என்.சி.எல்.டி. தளத்தில் இரண்டு வாரம் குப்பை கொட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பழைய இலை ரசீதைப் பார்த்த ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஒரு நிமிடத்தில் விஷயத்தைச் சொன்னான்.

ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருக்கும். மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலத்தின் எண்; தமிழ்நாட்டுக்கு 33. அதற்கடுத்த பத்தும் அவருடைய பான் எண். அந்தப் பானின் நான்காவது எழுத்து, அதாவது ஜி.எஸ்.டி. எண்ணில் ஆறாவது எழுத்து, ஆள் யார் என்பதைச் சொல்லிவிடும். 'பி' என்றால் தனி ஆள். 'சி' என்றால் கம்பெனி. 'ஹெச்' என்றால் கூட்டுக் குடும்பம். 'எஃப்' என்றால் பார்ட்னர்ஷிப். ஆனால் எல்.எல்.பி.க்கும் அதே 'எஃப்' என்பதால் அங்கே மட்டும் நிதானம் வேண்டும். சந்தேகம் வந்தால் ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். லாகின் வேண்டாம், காசும் வேண்டாம். சட்டப்படியான பெயர், கடைப் பெயர், அமைப்பின் வகை மூன்றும் வந்துவிடும். எங்கள் ஃபேக்டரிக்கு வந்தது 'பார்ட்னர்ஷிப்'. போர்டில் பார்த்த பெயரைவிடச் சட்டப் பெயர் இரண்டு சொல் நீளமாக வேறு இருந்தது.

ரசீதே இல்லை, சீட்டு நடத்தியவர் மாதிரி தனி ஆள்தான் என்றால் குழப்பம் இல்லை. அவருடைய முழுப் பெயர், அப்பா பெயர், ஹட்டி அல்லது தெருவின் பெயர், இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஒரே பெயரில் பத்து ஹட்டியில் பத்துப் பேர் இருப்பார்கள். அப்பா பெயர் இல்லாமல் தேடினால் அப்பாவி ஒருவரைத் திவாலாக்கிவிட்டு வருவோம்.

கம்பெனி என்றால்

இது சுலபம், வீட்டிலிருந்தே முடியும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனிப் பெயரைப் போட்டால் அடிப்படை விவரம் இலவசமாக வரும். 21 எழுத்துள்ள கம்பெனி எண்ணில் நடுவே 'டி.ஜெட்.' என்று இருந்தால் கோயம்புத்தூர் கம்பெனிப் பதிவாளரிடம் பதிவானது. நீலகிரிக் கம்பெனிகள் அவரிடம்தான். பார்க்க வேண்டியது நிலைமை என்ற வரியை. 'ஆக்டிவ்' என்றால் கம்பெனி பதிவேட்டில் உயிரோடு இருக்கிறது. 'அண்டர் சி.ஐ.ஆர்.பி.' என்றால் திவால் நடவடிக்கை ஓடுகிறது. 'அண்டர் லிக்விடேஷன்' என்றால் விற்றுக் கலைக்கிறார்கள். 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்பதைப் பார்த்துத் திவால் என்று பதறாதீர்கள். வருடக் கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனியையும் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். கம்பெனி தாக்கல் செய்த கணக்கு, அடமான விவரங்களைத் திறந்து பார்க்க ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய்.

நடவடிக்கை ஓடுகிறது என்று தெரிந்தால் அடுத்து திவால் வாரியத்தின் தளம், ஐ.பி.பி.ஐ. என்று தேடினால் வரும். அங்கே பொது அறிவிப்புகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. வழக்கை ஏற்ற நாள், பொறுப்பேற்றிருக்கும் தீர்வு நிபுணரின் பெயர், முகவரி, பாக்கி கேட்பவர்கள் மனு கொடுக்கக் கடைசி நாள் எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். இதையே ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் போட்டாக வேண்டும் என்பது விதி. இலை கொடுத்த விவசாயி படிவம் 'பி'யில் கேட்க வேண்டும், சம்பள பாக்கி உள்ள தொழிலாளி படிவம் 'டி'யில். கேட்டவர்களின் பட்டியலும் பொதுவில் வரும். உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

உத்தரவுகளுக்கு என்.சி.எல்.டி. தளத்தில் சென்னை அமர்வைத் தேர்ந்தெடுத்துப் பெயரால் தேடுங்கள். சான்றிட்ட நகல்தான் வேண்டும் என்றால் சென்னை ராஜாஜி சாலை கார்ப்பரேட் பவனில் உள்ள பதிவகத்துக்கு மனு போட வேண்டும். 2016 டிசம்பருக்கு முன்னால் கலைக்கப்பட்ட கம்பெனிகளின் கதை வேறு. அவை சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தவை. சொத்து, கணக்கு எல்லாம் அங்குள்ள அஃபிஷியல் லிக்விடேட்டர் என்ற அரசுக் கலைப்பாளரிடம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 24 முதல், பாக்கி 1 கோடி ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் கடன் கொடுத்தவர் ஒரு கம்பெனியை என்.சி.எல்.டி.க்கு இழுக்க முடியாது. அதனால் 'நாலு விவசாயி சேர்ந்து கேஸ் போட்டு ஃபேக்டரியைத் திவாலாக்கிட்டாங்க' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசித்து நம்புங்கள்.

தனி ஆள், பார்ட்னர்ஷிப்: சப் கோர்ட் ஐ.பி.

மலையில் நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இதுதான். 2016 சட்டத்தில் தனி ஆட்களுக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் என்று ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அதை அமலாக்கினார்கள். அவர்கள் வழக்கு என்.சி.எல்.டி.யில் இருக்கும், இல்லையென்றால் கடன் வசூல் தீர்ப்பாயத்தில்; நீலகிரிக்கு அது கோவையில். மற்ற எல்லோருக்கும் இன்னும் அந்த 1920 சட்டமே. 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்று அதில் இருக்கிறது. அன்றைக்கு அது பெரிய தொகை. இன்றைக்கு ஊட்டி மார்க்கெட்டில் ஒரு வாரக் காய்கறிக்குச் சரியாக இருக்கும்.

இந்த மனுவுக்குத்தான் ஐ.பி. என்று பெயர், இன்சால்வென்சி பெட்டிஷன். கடன்பட்டவர் தானாகவும் போடலாம், கடன் கொடுத்தவரும் போடலாம். கடன்பட்டவர் போட்டால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று பெயர், முகவரியோடு பட்டியல் தர வேண்டும். தன் சொத்து என்ன, மதிப்பு என்ன, எங்கே இருக்கிறது என்றும், இதற்கு முன் ஐ.பி. போட்டதுண்டா என்றும் சொல்ல வேண்டும். பட்டியலில் இருக்கும் கடன் கொடுத்தவர்களுக்குக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போகும். ஊர் வாயில் மஞ்சக் கடுதாசி என்பது இதுதான்.

தேடும் இடம் ஈகோர்ட்ஸ் தளம், அல்லது அதே பெயரில் உள்ள செல்போன் ஆப். மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் நீலகிரி என்று தேர்ந்தெடுத்தால் நீதிமன்ற வளாகங்களின் பட்டியல் வரும். ஊட்டியோடு நிற்காமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயரை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும், இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தோற்றுப்போகிறார்கள். போஜன் என்ற பெயரில் 'பி'க்குப் பின்னால் ஒரு 'ஹெச்' போடுகிறவர்கள் உண்டு, போடாதவர்கள் உண்டு. பெள்ளி என்பதை 'ஐ'யில் முடிப்பவர்கள், 'ஐ.இ.'யில் முடிப்பவர்கள், ஒற்றை 'எல்' போடுபவர்கள் என்று குறைந்தது நான்கு விதம். கோர்ட்டில் டைப் அடித்தவர் எந்தக் கட்சியோ தெரியாது. அதனால் முழுப் பெயரை அடிக்காதீர்கள். மூன்று எழுத்து போதும் என்று தளமே சொல்கிறது. எப்படி எழுதினாலும் மாறாத துண்டாகப் பார்த்து அடியுங்கள். நிலுவை, முடிந்தது இரண்டையும் சேர்த்தே தேடுங்கள். ஒவ்வொரு வருடமாக மாற்ற வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும்.

பெயரால் கிடைக்கவில்லை என்றால் நான் செய்வது இது. வழக்கு வகை என்ற பகுதிக்குப் போய் ஐ.பி.யைத் தேர்ந்தெடுத்து, வருடத்தைப் போட்டால் அந்த வருடம் அந்தக் கோர்ட்டில் பதிவான எல்லா ஐ.பி.யும் வரிசையாக வரும். ஒரு மலை மாவட்டத்தில் அந்தப் பட்டியல் ஒன்றும் பெரிதில்லை. ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். உங்கள் ஆள் வேறு எந்த எழுத்தில் ஒளிந்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடுவார்.

பட்டியலிலும் இல்லையா? ஐ.பி.யைச் சொத்து இருக்கும் ஊரில் போட வேண்டியதில்லை. கடன்பட்டவர் குடியிருக்கும் இடத்தில், அல்லது தொழில் செய்யும் இடத்தில் போடலாம். எங்கள் ஃபேக்டரி கோத்தகிரிப் பக்கம். பார்ட்னர் ஒருவர் குடியிருந்தது மேட்டுப்பாளையத்தில். நீலகிரியில் மாய்ந்து மாய்ந்து தேடிய வழக்கு, கோவை மாவட்டத்தைத் தட்டியதும் முதல் பக்கத்திலேயே இருந்தது. மலையிலிருந்து இறங்கிப் போனவர்களைக் கோவை, திருப்பூரிலும், கூடலூர், பந்தலூர்க்காரர்களை வயநாடு, மலப்புறத்திலும் பாருங்கள். தளம் ஒன்றே, மாநிலத்தை மாற்றினால் போதும். சென்னையில் குடியேறியவர் என்றால் அங்கே 1909-ஆம் வருடத்துச் சட்டம்; வழக்கு உயர்நீதிமன்றத்தில், சொத்து அஃபிஷியல் அசைனி என்ற அதிகாரியிடம்.

வழக்கு கிடைத்ததும் சி.என்.ஆர். எண்ணை, அதாவது அந்த வழக்குக்கே உரிய தனி எண்ணை, எழுதிக்கொள்ளுங்கள். 16 எழுத்து, அது கையில் இருந்தால் அடுத்த முறை பெயர் தேடும் வேலையே இல்லை.

திரையில் தெரிவதைப் படிப்பது

மனு போட்டதும் திவால் ஆனதும் ஒன்றல்ல. நான் இதைப் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன், இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கு நிலுவை என்று இருந்தால் கோர்ட் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. நாலைந்து வருடம் வாய்தா வாங்கி, கடைசியில் தள்ளுபடி ஆவதும் உண்டு. 'நொடித்தவர்' என்று கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் சொத்து அவர் கையை விட்டு கோர்ட்டுக்கோ அஃபிஷியல் ரிசீவர் என்ற அதிகாரிக்கோ போகும். அந்த உத்தரவில், கடனிலிருந்து விடுவிப்புக்கு மனு போட ஒரு கெடு இருக்கும். விடுவிப்பு கேட்டாரா, உத்தரவு ரத்தானதா என்பதும் அதே வழக்கின் பின்பக்கத்தில் கிடக்கும். எங்கள் விஷயத்தில் மனு போட்டிருந்தது இரண்டு பார்ட்னர்களில் ஒருவர் மட்டும், அதுவும் நிலுவையில். 'ஒன்றும் தேறாது' என்று கையை உதறியவர்கள் அவசரப்பட்டிருந்தார்கள்.

ஆனால் நிலம் வாங்கப் போகிறவர் இதையே தலைகீழாகப் படிக்க வேண்டும். விற்கிறவர் பேரில் ஐ.பி. நிலுவையில் இருந்தாலே ஒதுங்கி நிற்பது நல்லது. பின்னாளில் உத்தரவு வந்தால், அது மனு போட்ட நாளிலிருந்தே நடந்ததாகச் சட்டம் வைத்துக்கொள்ளும். மனுவுக்கு முன் இரண்டு வருடத்துக்குள் நல்லெண்ணத்தோடு சரியான விலைக்குச் செய்யாத கைமாற்றத்தைக்கூட ரிசீவர் ரத்து செய்யக் கேட்கலாம். மச்சான் பேருக்கு எழுதி வைத்த டீத்தோட்டங்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு வில்லங்கச் சான்று போதாதா என்று கேட்பார்கள். போதாது. பத்திரப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்பட்ட ஜப்தி அதில் ஏறியிருக்கும். ஐ.பி. போட்ட விவரம் அங்கே ஏறியே தீரும் என்று கட்டாயமில்லை. வில்லங்கமும் பாருங்கள், ஈகோர்ட்ஸும் பாருங்கள். அதே மாதிரி, வங்கி சுவாதீனம் எடுத்ததாகப் பேப்பரில் வரும் விளம்பரம் கடன் வசூல் நடவடிக்கை. அதை வைத்து ஒருவரைத் திவால் என்று சொல்ல முடியாது.

நொடித்தவர் என்ற உத்தரவு அரசிதழில் வர வேண்டும். தமிழ்நாடு அரசிதழ் புதன்கிழமைகளில் வரும், இணையத்திலும் கிடைக்கும். உத்தரவு தேதி தெரிந்திருந்தால் அடுத்த சில வாரத்து இதழ்களைப் புரட்டிப் பார்க்கலாம். தேதி தெரியாமல் அரசிதழில் இறங்குவது வைக்கோல் போரில் ஊசி தேடும் வேலை.

நகல் வாங்க ஊட்டிக்கு

திரையில் பார்த்ததை ஆதாரமாகக் காட்ட முடியாது. சான்றிட்ட நகல் வேண்டும். வழக்கு ஊட்டியில் என்றால், அங்கே கோர்ட் இப்போது காக்காதோப்பு வளாகத்தில் இருக்கிறது. பழைய இடத்தை நினைத்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள். மே மாதம் வேண்டாம். சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை, மலர்க் கண்காட்சிக் கூட்டம், கீழேயிருந்து சொந்த வண்டியில் வருபவர்களுக்கு இ-பாஸ், மூன்றும் ஒரே மாதத்தில்.

நகல் பிரிவில் நகல் மனுப் படிவம் நிரப்பிக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். வழக்கு எண், வருடம், எந்த ஆவணத்தின் நகல், அதன் தேதி, எதற்காக என்று கேட்டிருப்பார்கள். 'எல்லா பேப்பரும்' என்று எழுதாதீர்கள். மனு திரும்பி வரும். மனு, கடன் கொடுத்தவர்கள் பட்டியல், சொத்துப் பட்டியல், உத்தரவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கு பத்து வருடத்துக்கு முந்தையது என்றால் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும், ஐ.பி. பதிவேட்டில் முடிந்த தேதியைப் பார்த்து எழுதினால் தேடுகிறவருக்கும் லேசு, உங்களுக்கும் சீக்கிரம்.

கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் அந்த வழக்கின் தரப்பு, கேட்டால் தருவார்கள். பெயர் இல்லை, வெளியாள் என்றால் ஏன் வேண்டும் என்று விளக்கி அபிடவிட்டோடு மனு போட்டு நீதிபதியின் அனுமதி வாங்க வேண்டும். 'எனக்கு இவ்வளவு பாக்கி, இதோ ரசீது' என்றோ, 'இந்த நிலத்தை வாங்கப் பேசியிருக்கிறேன்' என்றோ நேராகச் சொல்லிவிடுங்கள். சிலர் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். வழக்கு ஆவணங்களுக்கு நீதிமன்ற விதிப்படிதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2020-இல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்தத் தபால் செலவு வீண்.

மனு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. எத்தனை பக்கம் என்று கணக்குப் பார்த்து, நகலுக்கு எத்தனை ஸ்டாம்ப் பேப்பர் வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் போடுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டவில்லை என்றால் மனு அடிபட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. கோத்தகிரியிலிருந்தோ கூடலூரிலிருந்தோ போர்டு பார்ப்பதற்காகத் தினமும் பஸ் ஏற முடியாது. வளாகத்தில் பழக்கமான வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் சொல்லி வையுங்கள்; அவர்கள் அந்தப் போர்டைத் தினசரிப் பேப்பர் மாதிரி படிப்பவர்கள். கொடுக்கிற கூலியை ஸ்டாம்ப் செலவோடு சேர்க்காமல் தனியாகப் பேசிவிடுங்கள்.

கையில் காசில்லை, வக்கீலும் தெரியாது என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் அக்காமார்கள் பலருக்கு இது தெரியாமல் வட்டிக்கு வாங்கி வக்கீலுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கோர்ட் முத்திரையும் கையெழுத்தும் இருக்க வேண்டும். அதோடு நகல் கேட்ட நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், தயாரான நாள், கொடுத்த நாள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒன்றும் விடுபடக் கூடாது. சப் கோர்ட்டின் ஐ.பி. உத்தரவை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்துக்கு அப்பீல் போக 30 நாள்தான். நகலுக்காகக் காத்திருந்த நாட்களை அந்த 30-இல் கழித்துக்கொடுப்பது அந்தக் கட்டத்தை வைத்துத்தான். ஒரு தேதி விட்டுப்போயிருந்தாலும் அப்போதே ஜன்னலில் நீட்டி எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.